துண்டுக்குள் சொன்ன விலை

அண்ணாச்சி எந்த வண்டியையும் வாய் திறந்து குறை சொல்லி நான் கேட்டதில்லை. மும்பை குர்லாவில் பழைய கார் வாங்கி விற்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே. அடித்தகடு துருவேறி, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எலி குட்டி போட்டிருக்கும் வண்டியைக் கொண்டுவந்து காட்டினாலும், ஒரு சுற்று சுற்றி வந்து பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல வண்டி" என்பார். உடையவர் இந்திக்காரர் என்றால், "அச்சா காடி ஹை, சேட்." வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதோடு கலைந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறுவார். உடையவரின் வலது கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளும் மறையும்படி துண்டை மேலே போடுவார். ஊர்ப்பக்கத்து மாட்டுத் தரகர்கள் விலை பேசுகிற முறை அது. அண்ணாச்சியின் அப்பா வள்ளியூர்ப் பக்கம் மாட்டுத் தரகராக இருந்தவர். மகன் தாராவிக்கு வந்து, குர்லாவில் நசுங்கிய கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற டென்டர் ஆனார். மாடு போனாலும் துண்டு போகவில்லை.

துண்டுக்குள் அவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. முதல் பிடி பத்துகள், இரண்டாவது பிடி ஒன்றுகள். ஐந்துக்கு மேல் போனால் முழுக்கையையும் ஒருமுறை பிடித்துவிட்டு, மேற்கொண்டு வேண்டிய விரல்களைப் பிடிப்பார். கையை மூடினால் சைபர். எல்லாம் லட்சத்தில். உடையவரும் பதிலுக்கு அவர் விரலைப் பிடித்துப் பேரம் பேசலாம். அவர் கையை அழுத்தினால் சம்மதம் என்று அர்த்தம். வெளியே இருப்பவர்களுக்கு ஒரு அழுக்குத் துண்டு லேசாக அசைவது மட்டும் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மாட்டுங்காக்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினான்கு வருஷம், மோதி நொறுங்கிய கார்களுக்கு நஷ்டக் கணக்கு எழுதி அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி விற்கும் தொழிலில் குதித்தேன். இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, நீண்ட மூக்கு. ஒரு காலத்தில் ராஜாக்களும் மில் முதலாளிகளும் கப்பலில் இறக்கியவை. இந்த வண்டிகளின் விலை ஒரே கேள்வியில் தொங்குகிறது: இது பிறந்தபடி இருக்கிறதா, இல்லை பின்னால் யாராவது புதிதாகச் செய்து ஒட்டியதா? பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று முப்பது லட்சம் போகும், மற்றது பத்தைத் தாண்டாது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் குர்லாவில் அண்ணாச்சிதான் என்றார்கள். தேடிக்கொண்டு போனேன்.

பட்டறையில் தரையில் உட்கார்ந்து ஒரு கார்க்கதவைச் சுத்தியலால் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என் பேச்சை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "மாட்டுங்காவா? வாங்க மாமி" என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவருக்கு அறுபதுக்குக் குறையாது. மாமியாம்! பல்லைக் கடித்துக்கொண்டேன். பிற்பாடு எத்தனை தடவை சொல்லியும் அந்த மாமி மாறவே இல்லை.

அன்று நான் காட்டிய வண்டியைப் பார்த்து முடித்ததும் துண்டை எடுத்தவர், என் கையைப் பார்த்துத் தயங்கினார். பொம்பிளை கையை எப்படிப் பிடிப்பது? பேப்பரில் எழுதித் தரட்டுமா என்று கேட்டார். "எல்லாருக்கும் ஒரு வழி, எனக்கு ஒரு வழியா? நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன், போடுங்கோ துண்டை" என்று கையை நீட்டினேன். பக்கத்துப் பட்டறைகளில் வேலை நின்றது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்தார், ஏதோ ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி. மறுமுறையிலிருந்து பழகிவிட்டது.

அவர் வண்டி பார்ப்பதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சட்டைப்பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருக்கும். அதை வண்டியின் உடம்பு முழுக்க நகர்த்துவார். நல்ல தகட்டில் ஒட்டும். பட்டி பூசி மெழுகிய இடத்தில் வழுக்கி விழும். இன்னொரு பையில் முகப்பவுடர் டப்பா. அதைக் கழுத்திலும் போட்டுக்கொள்வார், சேஸிஸ் நம்பரிலும் தூவுவார். குழிக்குள் பவுடர் தங்குவதைப் பார்த்தால் நம்பர் தொழிற்சாலையில் அடித்ததா, பிவண்டி ரோட்டுப் பட்டறையில் அடித்ததா என்று தெரிந்துவிடுமாம். கடைசியாக டிக்கியைத் திறந்து, உபரிச் சக்கரத்தைத் தூக்கி, அதன் குழியில் நகத்தால் சுரண்டுவார். வண்டிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அந்தக் குழிக்குள் யாரும் மெனக்கெட மாட்டார்கள். "பொறந்த கலரு இங்கனதான் ஒளிஞ்சு கெடக்கும், மாமி." இவ்வளவும் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நல்ல வண்டி" என்பார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் டீக்கடையில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி எல்லாத்தையும் நல்ல வண்டிங்கறேள்? வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னா என்ன?"

"சொல்லிரலாம். நீரு பட்டியப் பூசி ஏமாத்துதீருன்னு முகத்துக்கு நேரா சொல்லிரலாம். தெருவே கேக்கும். நாளைக்கும் அவன் அதே தெருவுலதான நடக்கணும்?"

"அதுக்காகப் பொய் சொல்லலாமா?"

"என்ன பொய்யி? வண்டியில கெட்ட வண்டின்னு ஒண்ணு இல்ல மாமி. வெலையிலதான் கெட்டது உண்டு. வெலை சரியா இருந்தா எல்லாம் நல்ல வண்டிதான்."

சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீயும் தனக்கு ஒரு பன் மஸ்காவும் சொன்னார். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பன்னைத் தின்று முடித்துவிட்டார்.

அவருடைய துண்டு யார் பக்கமும் சாயாது. தாதரில் ஒரு பார்சி அம்மாள், கணவர் வைத்துவிட்டுப் போன வண்டியை விற்கிறாள் என்று தெரிந்து அண்ணாச்சியை டாக்சி வைத்து அழைத்துப் போனேன். தூசி மண்டிக் கிடந்த வண்டி. ஆனால் காந்தம் ஒரு இடத்தில்கூட விழவில்லை. அந்த அம்மாள் இரண்டு லட்சம் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தாள். என் வாயெல்லாம் பல். அண்ணாச்சி அந்த அம்மாளின் கைமேல் துண்டைப் போட்டு, முறையை விளக்கி, விரலைப் பிடித்தார். அவள் கண்ணை அகல விரித்து, "ஒன்பதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஒன்பது என்று சொல்லியிருக்கிறார்! நான் கூட்டிப்போன ஆள், நான் கொடுத்த டாக்சிக் காசு, எனக்கெதிராக ஏழு லட்சம் ஏற்றிவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். திரும்பி வரும்போதும் டாக்சிக் காசு என்னுடையதுதான். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பாவம், நல்ல மனுசி" என்று மட்டும் சொன்னார். ஒன்பதுக்கே வாங்கினேன். பதினொன்றரைக்கு விற்றேன். அவரிடம் சொல்லவில்லை, தெரிந்திருக்கும்.

இன்னொரு தடவை மலபார் ஹில்லில் ஒரு சேட். கராஜில் ஏசி போட்டு வண்டி வைத்திருந்தார். அண்ணாச்சியின் துண்டைப் பார்த்து மூக்கைச் சுளித்து, விலையை வாயால் சொல்லச் சொன்னார். அண்ணாச்சி சிரித்தபடி நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் சேட்டே தன் பட்டுக் கைக்குட்டையை எடுத்துப் போட்டார். அதற்குள் விரல் அசைந்த பிறகு சேட் முகத்தில் ஈயாடவில்லை. வேலைக்காரர்கள், டிரைவர், மாப்பிள்ளை என்று ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி பானெட்டைத் தட்டி, "அச்சா காடி ஹை, சேட்" என்றார். சேட் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு தானே கெட்டிலை எடுத்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அந்த நிமிஷம் எனக்கு அண்ணாச்சியை ரொம்பப் பிடித்துவிட்டது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பிடித்துத்தான் போயிற்று.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. ஆறு வருஷம் பக்கத்தில் நின்றால் யாருக்கும் கொஞ்சம் திமிர் வரும். எனக்கு நிறையவே வந்தது. புனேயில் ஒரு சிவப்பு இரண்டு சீட்டு வண்டி விலைக்கு வந்தபோது, அண்ணாச்சி எதற்கு, நமக்கே தெரியாதா என்று நானே காந்தம் வாங்கிக்கொண்டு போனேன். நானே பவுடர் தூவினேன். விற்றவன் நல்ல வாய்ச்சாலக்காரன். பதினேழு லட்சம் கொடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அண்ணாச்சி பட்டறையில் பெருமையாக இறக்கினேன்.

அவர் வழக்கம்போல் சுற்றினார். சக்கரக் குழியில் சுரண்டினார். பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கத்தில் வெகுநேரம் குனிந்திருந்தார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், ஆசைக்கு. நிமிர்ந்தார், இரண்டு தட்டுத் தட்டினார், "நல்ல வண்டி" என்றார். போனை உள்ளே வைத்துக் கையை நீட்டினேன். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தார். விட்டார். மறுபடியும் ஒரே ஒரு விரலைப் பிடித்தார். பதினொன்று.

பிறகு டீக்கடையில் மெதுவாகச் சொன்னார். எஞ்சின் நம்பர் பொறித்த சின்னத் தகடு பழையது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் புதியவை. செத்துப்போன எஞ்சினிலிருந்து தகட்டைக் கழற்றி, அதே கம்பெனியின் சாதாரண நாலு கதவுக் காரிலிருந்து எடுத்த எஞ்சினில் அடித்திருக்கிறார்கள். கதவு இரண்டையும் தவிர வெளித்தகடு எல்லாம் புதிதாகத் தட்டியது. பிறந்த கலர் நீலம். சீட்டின் தோல் சுருக்கம்கூட டீத்தண்ணீர் தேய்த்து வரவழைத்தது. "ஓட்டுததுக்கு பயமில்ல, நல்லா ஓடும். ஒரிஜினல்னு மட்டும் வெலை சொல்ல முடியாது" என்றார். ஏன் என்னைக் கூட்டிப் போகவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு லட்சம் நஷ்டம் என்பதைவிட, ஏமாந்தோம் என்பது என்னைத் தின்றது. அந்த நேரம் பார்த்துச் செம்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நாசரேத் பக்கம் பூர்வீகம், ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். இருபது வயதில் ஒரு முதலாளி வீட்டில் இதே மாதிரி சிவப்பு வண்டியைத் தினமும் துடைத்திருக்கிறாராம். ஒரு நாள்கூட உள்ளே உட்கார விட்டதில்லையாம். பி.எப். பணம் வந்திருக்கிறது, ஒரிஜினல் வண்டிதான் வேண்டும் என்றார். "அண்ணாச்சி பாத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் ஒரிஜினல் என்று சொல்லவில்லை. இதை எத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? நான் வாயே திறக்கவில்லை. அந்த வீடியோவை அனுப்பினேன். அண்ணாச்சி சுற்றுகிறார், குனிகிறார், தட்டுகிறார், "நல்ல வண்டி" என்கிறார். அடியில் இருபத்தாறு லட்சம் என்று போட்டேன். அவர் பேரம்கூடப் பேசவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அண்ணாச்சியின் வாயால் கெட்டேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன். "மாமி, நாளைக்குக் காலையில செம்பூர் வரணும். அந்த செவப்பு வண்டி சார் வீட்டுக்கு." குரலில் ஒன்றும் தெரியவில்லை. செம்பூர் சார், இடப்பக்கக் கதவு உரசுகிறது என்று வண்டியை அவரிடமே கொண்டுபோயிருக்கிறார். உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறார், என்ன விலை என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி கதவைச் சரிசெய்து கொடுத்து அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்.

போனேன். போகாமல் இருக்கப் பத்துக் காரணம் யோசித்துவிட்டுத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பில்டிங்கின் கீழே வண்டி நிற்கிறது, சுற்றிலும் சொசைட்டிக்காரர்கள் பத்துப் பேர். செம்பூர் சார் எல்லோருக்கும் வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து நாற்காலி போட்டார். அண்ணாச்சி, "வாங்க மாமி" என்றார். துண்டை உதறினார். என் கையைப் பிடித்தார்.

இரண்டு விரல். பிறகு முழுக்கை, பிறகு ஒரு விரல். இருபத்தாறு.

சார் வாங்கிய விலையைச் சொல்லிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கையை விடவில்லை. அப்போதுதான் புரிந்தது. முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள் என்கிறார். வெட்கக்கேட்டை என்ன சொல்ல, என் விரல்கள் பழக்கதோஷத்தில் பேரம் பேசின. அவர் இரண்டு விரலைப் பிடித்துக் கையை மூடினேன். இருபது. அண்ணாச்சி கோபப்படவில்லை. மறுபடியும் நிதானமாக இரண்டு, முழுக்கை, ஒன்று. நான் அவர் கையை அழுத்தினேன்.

"சார், மாமிக்கு இத வித்ததுல இருந்து மனசு கேக்கலியாம். குடுத்த துட்ட அப்படியே தந்துட்டு எடுத்துக்கிடுதேங்காவ" என்றார் சத்தமாக.

"ஐயையோ, நான் குடுக்கவே மாட்டேன்!" என்று சார் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

அண்ணாச்சி அவருடைய கையைப் பிடித்துத் துண்டைப் போட்டார். "இதென்ன, எங்க பெரியப்பாகூட சந்தைக்குப் போறப்ப பாத்தது..." என்று சொல்லிக்கொண்டே வந்த சார் நிறுத்தினார். துண்டுக்குள் ஒரு விரல். மறுபடியும் ஒரு விரல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதரின் முகம் சின்னதாகிவிட்டது. வண்டியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கு இது தெரியுமா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ இருக்கிறது என்று நெருங்கி வந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. வழக்கமான குரலில் சொன்னார்:

"நல்ல மாமி, சார்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். துருப்பிடித்ததற்கும் பட்டி பூசியதற்கும் எஞ்சின் மாற்றியதற்கும் அவர் வைத்திருந்த குரல் அது. என் தலையில் இரண்டு தட்டுத் தட்டாததுதான் பாக்கி. அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"தெரியும் சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இது ஒரிஜினல் இல்லேன்னு வீடியோ எடுத்த அன்னிக்கே தெரியும். அண்ணாச்சி என்கிட்ட பதினொண்ணுன்னுதான் சொன்னார். தெரிஞ்சுண்டுதான் அனுப்பினேன்."

மாடியில் துணி உதறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சார் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாரோ. பிறகு கதவுக்கு மேலாக வலது கையை என் பக்கம் நீட்டினார்.

"துண்டப் போடுங்க அண்ணாச்சி."

துண்டுக்குள் அவர் என் விரல் ஒன்றைப் பிடித்தார். விட்டார். மறுபடியும் ஒன்றைப் பிடித்தார். வண்டி அவருக்கே வேண்டும், அதன் விலைக்கு. நான் அவர் கையை அழுத்தினேன். மறுநாள் காலை வங்கி திறந்ததும் பதினைந்து லட்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று கைகள் பிரிந்ததும் அண்ணாச்சி பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "நல்ல வண்டி, சார்" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். ஏமாற்றியதற்குத் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"துண்டு என்னத்துக்கு மாமி இருக்கு? ஏன், சார் கையப் பிடிச்சு உள்ளுக்குள்ள சொல்லப்படாதா? மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சு! நாளைக்கு நீங்க அந்தத் தெருவுல நடக்காண்டாமா?"

"விரல்ல சொல்ற விஷயமா அண்ணாச்சி அது?"

"ஆறு வருசம் என்கூட இருந்து என்னத்தப் படிச்சிய!"

குர்லா வரை புலம்பிக்கொண்டே வந்தார். நான் அழுதுகொண்டே வந்தேன், நடுவில் சிரிப்பும் வந்தது. பிறகும் மூன்று வருஷம் என் வண்டிகளைப் பார்த்துத் தந்தார். அப்புறம் முழங்கால் வலி வந்து, பட்டறையைக் கொடுத்துவிட்டு வாஷிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பின் ஒரு நாளும் பேசியதில்லை.

அன்று பட்டறை வாசலில் இறங்கினார். நான் அப்படியே ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவர், திரும்பி வந்து ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

"நல்ல மாமிதான்" என்றார்.

என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.